ஓரேபுவிளைக்கு நடந்து வந்த கோயில்

கோயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சந்தை. ஊரில் பாதிப் பேர் சந்தையில் இருந்தார்கள், மீதிப் பாதி சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தார்கள், ஆகையால் எழுநூறு வருஷமாக ஜெர்மனி தேசத்தில் ஏதோ ஒரு பட்டிக்காட்டு மேட்டில் நின்றுகொண்டிருந்த அந்தக் கல்கோயில், கோபுரமும் கதவும் மணியும் உச்சியில் ஒரு தகரச் சேவலுமாக, கடலை எப்படித் தாண்டியதோ மலையை எப்படி ஏறியதோ, எங்கள் ஓரேபுவிளைத் தேரிக்காட்டுச் செம்மணலில் அஸ்திவாரம் புதையப் புதைய நடந்து வந்து, வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வாலிபால் ஆடுகிற மைதானத்தில் அலுப்போடு நின்றதை முழுசாகப் பார்த்தவர் என்று ஒருத்தரும் கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சாலமோன் மட்டும் பார்த்தான். அவனும், "வழி விடுமான்னு ஆரன் அடிச்சிக்கிட்டே பின்னால வந்தேன், கடைசி வரைக்கும் விடலியே" என்று கோயிலைக் குறை சொன்னானே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று என் வாயைக் கிளறாதீர்கள். வந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் ஊர் கூடியபோது எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, வாலிபால் கம்பம் இரண்டும் எங்கே என்பது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தோம். திருவிருந்து மேசைக்கு முன்னால், கல் பாவிய தரையில், கம்பம் இரண்டும் வலையோடு நட்டது நட்டபடி நின்றன. பையன்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

என் பெயர் தங்கப்பழம். பதினொரு வருஷமாக ஓரேபுவிளைச் சபைக்கு நான்தான் செக்ரட்டரி. என்னை எதிர்த்து எலெக்‌ஷனில் நின்றவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் இப்போது வெளியூரில் சந்தோஷமாக இருக்கிறார்கள். எங்கள் குருவானவர், நாங்கள் ஐயர் என்போம், எட்வின் கிருபாகரன், நல்ல மனுஷன், சின்ன வயசு, சத்தமாகத் தும்மக்கூடப் பயப்படுவார். அவர் பேராயர் அலுவலகத்துக்கு எழுதினார், இப்படி இப்படி ஒரு கோயில் வந்து நிற்கிறது, என்ன செய்யட்டும் என்று. "உள்ளூர் வழக்கப்படி செய்துகொள்ளவும்" என்று பதில் வந்தது. தானாக நடந்து வந்த கோயிலுக்கு உள்ளூர் வழக்கம் என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் பழைய ஓட்டுக் கோயில் மழைக்கு முப்பது இடத்தில் ஒழுகும், சட்டி வைத்துச் சட்டி வைத்து ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம். ஆகையால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புதுக் கோயிலுக்குக் குடிபோனோம்.

இதே சமயத்தில் என் வீட்டில் ஒரு தீ எரிந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள், கெத்சியாள். யோபு பக்தனின் மகள் பெயர், நான்தான் தேடி வைத்தேன். டவுனில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எங்களுக்கும் கிழக்கே இருக்கிற சூசைகுடியிருப்புக்கும் நடுவில் ஒரு ஓடை ஓடுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள் சீர்திருத்தச் சபை, அந்தப் பக்கம் அவர்கள் ஆர்.சி., கத்தோலிக்கர். ஜாதி ஒன்று, மீன்காரி ஒருத்தி, தண்ணீர்த் தொட்டி ஒன்று, ஆனால் நூற்று நாற்பது வருஷத்தில் ஒரு பெண் கொடுத்ததில்லை, ஒரு பெண் எடுத்ததில்லை. அந்தச் சூசைகுடியிருப்பில் பெயின்ட் காண்டிராக்ட் எடுக்கிற பிரிட்டோ என்பவனைத்தான் கட்டுவேன் என்று இவள் நிற்கிறாள்.

"அவன் நம்ம சபைக்கு வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

"அவங்க அப்பாவும் இதைத்தான் சொல்லுதாரு, நான் அங்க வரணுமாம். நாங்க ரெண்டு பேரும் எங்கயும் போகல. எப்பா, கேளுங்க. தை மாசம் அவருக்கு மஸ்கட்டுக்கு விசா வருது. அதுக்குள்ள நீங்க சரின்னு சொன்னா கோயில்ல வச்சுக் கலியாணம். இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ். அப்படி ஆச்சுன்னா நான் திரும்பி இந்த ஊருக்கு வரமாட்டேன்."

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, கண்கூடக் கலங்காமல் சொன்னாள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. ஆனால் செக்ரட்டரி குலை நடுங்கலாமா? "போடி, போ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கமிட்டிக்குப் போய்விட்டேன்.

கோயிலைச் சொல்ல வேண்டும். சுவர் நாலடிக் கனம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே போனால் பானைத் தண்ணீர் மாதிரிக் குளுகுளுவென்று இருக்கும், ஆகையால் அதுவரை பண்டிகைக்கு மட்டும் வந்தவர்களெல்லாம் வாராவாரம் வர ஆரம்பித்தார்கள். ஞானஸ்நானத் தொட்டி ஒரே கல்லில் குடைந்தது, நம் ஊர் மாதிரி நெற்றியில் தெளிக்கிற கிண்ணமில்லை, பிள்ளையை முழுசாக முக்கி எடுக்கலாம். பிரசங்க பீடம் எட்டுப் படி உயரத்தில், கருத்த மரத்தில் திராட்சைக் கொடி செதுக்கி, தலைக்கு மேல் ஒரு மரக்குடை. பீடத்தின் ஓரத்தில் ஒரு மணல் கடிகாரம். பிரசங்கியார் அதைக் கவிழ்த்துவிட்டுப் பேச ஆரம்பிக்க வேண்டும், மணல் தீர்ந்தால் நிறுத்த வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து சபையார் ஒருத்தரும் ஐயர் முகத்தைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்தார்கள். ஒரு நாள் ஐயர் மறதியாக இரண்டாம் தடவை கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அசனச் சாப்பாடு ஆறிப்போனதற்கு இன்றைக்கும் அவரைப் பேசுகிறார்கள்.

காணிக்கைப் பைக்கு ஏழடிக் கம்பு, பையின் அடியில் ஒரு குட்டி மணி. எதற்கு மணி? தூங்குகிறவன் காதுப் பக்கம் ஆட்டுவதற்கு. அதை ஆட்டுகிற உத்தியோகத்துக்கு மட்டும் ஒன்பது பேர் மனுப் போட்டார்கள்.

பெரிய சண்டை வந்தது பெட்டிகளால். எங்கள் ஊரில் காலங்காலமாகப் பாயில் உட்கார்ந்து பழக்கம், ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். இந்தக் கோயிலிலோ மரத்தில் இடுப்புயரப் பெட்டி பெட்டியாகத் தடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதவும் தாழ்ப்பாளும். குடும்பத்துக்கு ஒரு பெட்டி. யாருக்கு எந்தப் பெட்டி என்று மூன்று வாரம் பேச்சு நாறியது. கடைசியில் அப்போஸ்தலர் காலத்து முறைப்படி ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டோம். புருஷனும் பெண்டாட்டியும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. கலியாணமான புதுசு மாதிரி எல்லாருக்கும் முகம் சிவந்துவிட்டது.

"முப்பத்திரெண்டு வருஷமா நீங்க பிரசங்கத்தைக் கண்ணை மூடி தியானிக்கிறதா நெனைச்சிருந்தேன்" என்றாள் என் வீட்டுக்காரி ரத்தினபாய். "இப்பதானே தெரியுது, கொறட்டைல்லா விடுதிய."

கோயிலோடு ஒரு தடித்த புத்தகமும் வந்திருந்தது, தோல் அட்டை போட்டது. ஜெர்மனியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய எமிலி அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள். அந்த ஊரில் கடைசியாக மிச்சமிருந்த சபையார் நாலு பேர். அதிலும் இரண்டு பேருக்கு, கோயில் சாவி யாரிடம் இருப்பது என்ற தகராறில், பேச்சு வார்த்தை கிடையாது. "சண்டை பொறுக்காமத்தான் கெளம்பிருக்கும்" என்றாள் எமிலி அக்கா. அவளே அந்த ஊருக்கு ஒரு கடிதமும் போட்டாள். மரியாதையான பதில் வந்தது: கோயில் சௌக்கியமாக இருப்பது கேட்டு சந்தோஷம், உங்களிடமே இருக்கட்டும், சேவலை மட்டும் அனுப்ப முடியுமா, அது திரும்புவதைப் பார்த்துத்தான் நாங்கள் காற்றைத் தெரிந்துகொள்வோம். சாலமோன் ஏறிச் சேவலைக் கழற்றினான், நானே பழைய வேட்டியில் பொதிந்து கூரியரில் அனுப்பிவைத்தேன்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கிறிஸ்மஸ் நெருங்கியது. கிறிஸ்மஸ் என்றால் எங்கள் பக்கம் வெள்ளையடிக்காத கோயில் கோயிலே இல்லை. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோயில் சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக இரண்டு கோட் அடித்தாக வேண்டும். ஜெர்மன்காரன் கோயிலுக்கு அந்த வழக்கம் செல்லுமா செல்லாதா என்று ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. சுற்று வட்டாரத்தில் சுத்தமாகச் சுரண்டுகிற ஆள் ஒருத்தன்தான், அது பிரிட்டோ. வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கமிட்டியில் ஏழுக்கு ஒன்று என்று என்னைத் தோற்கடித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவனே வீட்டு வாசலில் வந்து நின்றான், தலையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.

"செக்ரட்டரி ஐயா, ஒரு தடவ வந்து பாருங்க. உள்ள ஆளு நிக்காங்க."

போய்ப் பார்த்தேன். வடக்குச் சுவரில், பதினாறு பூச்சுச் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து, பன்னிரண்டடி உயரத்தில் மாதா நின்றுகொண்டிருந்தாள். நீல அங்கியை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்திருந்தாள். அங்கிக்குள்ளே ஊர்ச் சனம் பூராவும் ஒண்டிக்கொண்டிருந்தது: ராஜா, கொல்லன், பிள்ளைத்தாய்ச்சி, ஒற்றைக்கண்ணன், வாத்துக்காரன். அழகாக இருந்தது என்பதுதான் உண்மை, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"ஏல, இது நீ வரைஞ்சதுதானே?" என்றேன்.

"எனக்கு இப்படி வரையத் தெரிஞ்சா நான் எதுக்கு ஐயா மஸ்கட்டுக்குப் போறேன்?" என்றான்.

எமிலி அக்காவைக் கூப்பிட்டோம், புத்தகம் புரட்டினாள். கட்டினது ஆர்.சி.தான், அவர்கள்தான் வரைந்தார்கள், அவர்கள்தான் இருநூற்று நாற்பது வருஷம் கும்பிட்டார்கள். பிறகு ஒரு வசந்த காலத்தில் ஊரோடு மார்க்கம் மாறினார்கள். திங்கட்கிழமை அவர்களாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாமாக ஆகிவிட்டார்கள். நடுவில் இருந்த வெள்ளிக்கிழமை மாதாவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிரசங்க பீடமும் பெட்டியும் மணல் கடிகாரமும் அதற்கப்புறம் வந்து சேர்ந்தவை.

செய்தி ஓடையைத் தாண்ட அரைமணி நேரம் பிடித்தது. சாயங்காலத்துக்குள் சூசைகுடியிருப்பு மொத்தமும் மெழுகுவர்த்தியோடு மைதானத்தில் நின்றது. மாதா அவர்களைத் தேடித்தான் இத்தனை தூரம் வந்தாளாம், வழி தெரியாமல் நம் ஊரில் தங்கிவிட்டாளாம். எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே கோயிலுக்குள் கமிட்டியைக் கூட்டி, மாதாமேல் உடனே இரண்டு கோட் அடிப்பது என்று தீர்மானம் எழுதி, நானே படித்து, நானே கையெழுத்துப் போட்டேன். முற்றுப்புள்ளி வைத்தேனோ இல்லையோ, காலுக்கடியில் தரை ஒரு தடவை கனைத்தது. கோயில் நகர்ந்தது. கிழக்கே, அவர்கள் ஊரைப் பார்த்து. சாலமோன் டேப் பிடித்து அளந்தான், இருபத்தேழு அடி.

நாங்கள் விடுவோமா? தீர்மானத்தை உறுதிப்படுத்தி இன்னொரு தீர்மானம் போட்டோம். இன்னும் நாற்பதடி போய்விட்டது. நாங்கள் கண்டனத் தீர்மானம் போடப் போட, எங்கள் பெட்டிகளையும் எங்கள் மணியையும் எங்களையும் சுமந்துகொண்டு அது போய்க்கொண்டே இருந்தது, போய் ஓடையைத் தாண்டி, அக்கரையில் அவர்கள் வாழைத்தோப்பு ஓரத்தில் நின்றது. அவர்கள் பேண்டு வாத்தியம் வைத்து வரவேற்றார்கள். அந்த அவமானத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர்களும் நம்மவர்கள்தானே, சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு கமிட்டி கூட்டி, பிரசங்க பீடத்தைப் பிடுங்கிப் போடுவது, பெட்டிகளை உடைத்து விறகாக்குவது என்று முடிவு பண்ணினார்கள். அந்த நிமிஷமே கோயில் திரும்பி மேற்கே நடந்தது. அவர்கள் இரண்டாம் முடிவு பண்ணினார்கள், அது இன்னும் மேற்கே வந்தது. நாங்கள் இங்கே நன்றித் தீர்மானம் போட எழுந்தோம், அதில் அவர்களை நாலு வார்த்தை குத்தி எழுதியிருந்தேன், கோயில் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கே நின்றது தெரியுமா? ஓடைக்கு நேர் மேலே. பெரிய வாசல் எங்கள் கரையில், திருவிருந்து மேசை அவர்கள் கரையில், நடுவில் அடியில் கார்த்திகை மழைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் பக்கம் இருந்தது குருமார் நுழைகிற சின்னக் கதவு ஒன்றுதான், அதில் குனிந்துதான் நுழைய வேண்டும். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குமேல் இரண்டு ஊரிலும் ஒருத்தரும் தீர்மானம் போடவில்லை, பயம். காலையில் அவர்கள் பூசை, அதன் பிறகு எங்கள் ஆராதனை. எங்கள் ஆட்களில் சிலபேர் சீக்கிரமே வந்து பூசையையும் கேட்டார்கள். அவர்களில் சிலபேர் பெட்டியில் உட்கார்ந்து பார்க்கும் ஆசையில் எங்கள் பிரசங்கத்துக்கும் இருந்தார்கள். மாதாவுக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

மார்கழி பிறந்ததும், தும்மப் பயப்படுகிற எங்கள் ஐயர் ஒரு காரியம் செய்தார். பிரசங்க பீடத்தில் ஏறி, கெத்சியாளுக்கும் பிரிட்டோவுக்கும் முதல் கலியாண ஓலை வாசித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எங்கள் முறைப்படி ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், தடை இருக்கிறவர்கள் எழுந்து சொல்ல வேண்டும், மூன்று தடவையும் தடை வராவிட்டால் கலியாணம் நடத்தலாம். அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்க் குதித்தேன்.

"அவன் நம்ம சபையில ஞானஸ்நானம் எடுக்கலியே, ஐயரே! எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?"

"கோவப்படாதீங்கண்ணாச்சி. எமிலி அக்கா புத்தகத்தை நான் உக்காந்து கேட்டேன். அந்த ஊர்க்காரங்க மாதாவை மறைச்சாங்க, பீடம் செஞ்சாங்க, பெட்டி செஞ்சாங்க. ஞானஸ்நானத் தொட்டியை மட்டும் மாத்தல. ஆர்.சி. பிள்ளைகளை முக்கின அதே தொட்டியிலதான் அப்புறம் நம்ம பிள்ளைகளையும் முக்கிருக்காங்க. பழைய தொட்டியில முக்கினது செல்லாதுன்னு அவங்க யாருக்கும் திருப்பி முக்கல. பேராயர் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"உள்ளூர் வழக்கப்படி செய்துகொள்ளவும்."

இரண்டாம் ஓலைக்கு நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். மூன்றாம் ஓலைக்குப் போனேன். சட்டைப் பையில் என் தடை மனு இருந்தது, டவுனில் டைப் அடித்தது, மூன்று காப்பி. கோயில் நிரம்பி வழிந்தது. சூசைகுடியிருப்பு ஆட்கள் சின்னக் கதவுப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், பிரிட்டோ கதவின் உயரத்துக்குத் தலையைக் குனிந்தபடியே நின்றான். எங்கள் பெட்டியில் ரத்தினபாய், அடுத்து கெத்சியாள், அடுத்து நான். காலுக்கடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஐயர் வாசித்தார். "இவர்கள் விவாகம் பண்ணக் கூடாதென்பதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால், இப்போதே தெரிவிக்கக்கடவர்கள்."

நான் எழுந்தேன்.

எழுந்ததுதான் தாமதம், முந்நூறு பேரும் கைக்குக் கிடைத்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் நகரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஐயர் பீடத்தைக் கட்டிக்கொண்டார், எமிலி அக்கா பெட்டிக் கதவைப் பிடித்தாள், சாலமோன் காணிக்கைக் கம்பைப் பிடித்தான், மணி கிலுகிலுவென்று அடித்தது. ரத்தினபாய் முன்பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கெத்சியாளுக்கு முன்னால் மூன்று விரல் கனத்தில், நானூறு வருஷத்து மரம் இருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் தடை சொல்லத்தான் எழுந்திருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வரப் பார்த்தது. மூன்று காப்பியும் பையில் கனத்தது. ஊர் பூராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, எழுந்தவன் ஏதாவது சொல்லித்தானே உட்கார வேண்டும்?

"தடை உண்டு" என்றேன். "மாப்பிள்ளை ஊர்ல இருந்து கோயிலுக்கு வார ரோடு சரியில்ல. என் மக மழைக்காலத்துல எப்படி நடந்து வருவா?"

கோயில் அசையவில்லை.

"நான் சல்லி அடிச்சுப் போட்டுத் தாரேன், மாமா!" என்று சின்னக் கதவிலிருந்து குரல் வந்தது. வேகத்தில் நிமிர்ந்ததால் நிலைக்கல்லில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டான்.

"மாமான்னு கூப்பிட இன்னும் நாள் இருக்கு, குனிஞ்சு நில்லுவே!" என்றேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் ஓலைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தடை ஏதாவது சொல்லப்பட்டால் அது என்ன, நீங்கியதா என்று செக்ரட்டரிதான் எழுத வேண்டும். கெத்சியாள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன்: "தடை: ரோடு. சொன்னவர்: பெண்ணின் அப்பா. நீங்கியது."